சாக்கு வேண்டாம், கூண்டு வைப்போம்: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் எல்லாருக்கும், கூடவே ஆறு பிளாக்கிலும் குடியிருக்கும் 144 வீட்டுக்காரர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் பூனை விஷயம் கடைசியாக வந்தது. அப்போதே மணி ஒன்பதே முக்கால். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், மீதி இருந்தவர்களுக்குப் பசி. "ஆள் வச்சுப் பிடிச்சிட்டுப் போய் எங்கேயாவது தூரமா விட்டுடலாம், ஒரு பூனைக்கு இவ்வளவுன்னு கொடுத்துடலாம்" என்று ஒருவர் சொன்னார், ஐந்து நிமிடத்தில் கை தூக்கி முடிவும் எடுத்தாகிவிட்டது. நான் பேச எழுந்தேன். "அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்மா" என்றார்கள். அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து. பிடிக்கிற ஆள் வருவது இந்த மாதக் கடைசியில். அதனால்தான் இதை எழுதி எல்லாரும் படிக்கிற மாதிரி போடுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன புகார்கள் எல்லாமே உண்மை. பி பிளாக் படிக்கட்டில் நாற்றம் தாங்க முடியவில்லை, உண்மை. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுகிற மாதிரி கத்தல், உண்மை, என் வீட்டுக்கும் கேட்கிறது. கார் கவரைக் கிழிக்கின்றன, மாடியில் காயப்போட்ட வடகத்தில் வாய் வைக்கின்றன, குப்பைப் பையைப் பிரித்து மீன் முள்ளைப் படியெல்லாம் இறைக்கின்றன. டி பிளாக் கீழ்வீட்டு ஐயா ஒருநாள் காலையில் காரை ஸ்டார்ட் செய்யப் போகும்போது பானெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்து, திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு குட்டிகள். அவர் பாவம், அன்றைக்கு ஆபீஸுக்கே போகவில்லை. இதையெல்லாம் "பூனை பிடிக்காதவர்கள் சொல்கிற குறை" என்று நான் ஒதுக்கவே மாட்டேன்.

ஆனால் இந்தப் புகார்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். படிக்கட்டு நாற்றம் சாதாரண மூத்திர நாற்றம் இல்லை, அது கடுவன் பூனை எல்லை குறிப்பதற்காக வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சுவது, அதனால்தான் ஃபினாயில் போட்டுக் கழுவினாலும் மறுநாள் அதே இடத்தில் வந்து மறுபடி பீய்ச்சுகிறது. நடுராத்திரிக் கத்தல் இனச்சேர்க்கைக்கு வந்த பெண் பூனையின் குரல், அதற்காக அடித்துக்கொள்கிற கடுவன்களின் குரல். காருக்குள் குட்டி, மீட்டர் ரூமில் குட்டி, லிஃப்ட் குழியில் குட்டி, இதற்கு விளக்கமே வேண்டாம். குடும்பக் கட்டுப்பாடு செய்த கடுவன் பீய்ச்சுவதையும் சண்டை போடுவதையும் பெரும்பாலும் விட்டுவிடும், செய்த பெண் பூனை ராத்திரி அப்படிக் கத்தாது. நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் முக்கால்வாசி ஓர் ஆபரேஷனில் தீர்கிற விஷயம். மீதி இருப்பது குப்பைப் பையும் கார் கவரும். குப்பைக்கு மூடி போட்ட தொட்டி வாங்க வேண்டும் என்று நாம் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், அதையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

பிடித்துக்கொண்டு போய் விடுவது நமக்குப் புதிதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இருந்த கமிட்டியும் இதைத்தான் செய்தது. இப்போது இருப்பவர்களில் பலர் அப்போது இங்கே குடிவரவில்லை, அதனால் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பேர் சாக்கோடு வந்தார்கள், ஏழு பூனைகளைப் பிடித்தார்கள், ஒரு மீன் மார்க்கெட் பக்கம் விட்டதாகச் சொன்னார்கள். வளாகம் இரண்டு வாரம் அமைதியாக இருந்தது, எல்லாரும் நிம்மதி என்றார்கள்.

அவர்கள் பிடித்துப்போன ஏழில் ஒன்று குட்டி போட்டிருந்த தாய். அது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டாம் நாள் ராத்திரி எங்கள் பிளாக் மீட்டர் ரூமிலிருந்து மெலிசாக ஒரு சத்தம், எலியோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் ஹவுஸ்கீப்பிங் அக்கா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். பழைய சுவரொட்டிப் பேனர் ஒன்று சுருட்டி வைத்திருந்தது, அதன் மடிப்புக்குள் நான்கு குட்டிகள், கண் திறந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். இரண்டு விறைத்துப் போயிருந்தன. மற்ற இரண்டும் அந்தச் செத்த குட்டிகளின் வயிற்றில் முட்டி முட்டிப் பால் தேடிக்கொண்டிருந்தன. அக்கா முந்தானையில் எடுத்து மூடிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். மருந்துக்கடையில் சொட்டுச் சொட்டாக விடுகிற பில்லர் வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குட்டிக்கென்று விற்கிற பால் கரைத்துக் கொடுத்தோம். ஒன்று அன்று சாயங்காலமே போனது. இன்னொன்று ஒன்பது நாள் இருந்தது.

"குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திச் சுத்தி வர்றான்" என்று நாம் சாதாரணமாகப் பேசுவோம். அந்தத் தாய் எந்த மார்க்கெட்டில் எந்தத் தெருவில் அப்படிச் சுற்றியதோ என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

சரி, இரக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், பலன் என்ன ஆனது? ஐந்தாறு மாதத்துக்குள் புதுப் பூனைகள் வந்துவிட்டன. பின்சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை, அதைத் தாண்டி ஒரு பிரியாணிக் கடை, அதைச் சுற்றி எத்தனை பூனைகள் என்று ராத்திரி போய்ப் பார்த்தால் தெரியும். இங்கே நிழல், தண்ணீர், குப்பை, ஒளிய இடம் எல்லாம் அப்படியே இருக்கும்போது இருந்த பூனைகளை மட்டும் எடுத்தால், அந்த இடம் காலி என்று பக்கத்துப் பூனைகளுக்குத் தெரிந்துவிடும். பழைய பூனைகள் தங்கள் எல்லைக்குள் புதியவற்றைச் சுலபத்தில் விடாது, அந்தக் காவலையும் நாமே எடுத்துவிட்டோம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு காட்டுப்பகுதியில் பூனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, கேமரா வைத்து எண்ணிப் பார்த்தார்கள். அகற்றிய இடங்களில் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது. நம் வளாகத்தில் ஏழு போய் இன்றைக்கு எத்தனை தெரியுமா? நானும் ஏ பிளாக்கில் இருக்கும் கல்லூரிப் பெண்ணும் நைட் ட்யூட்டி செக்யூரிட்டி அண்ணனும் சேர்ந்து பத்து நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, வரி, புள்ளி, வால் வைத்து அடையாளம் பிரித்து எண்ணினோம். பெரிய பூனைகள் 19. அதில் பெண் 11. குட்டிகள் தனி.

வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றும், ஒரு ஜோடிப் பூனை ஏழு வருடத்தில் லட்சக்கணக்கில் பெருகும் என்று. நம் குரூப்பிலும் ஒருவர் போட்டிருந்தார். அது நிஜத்துக்கு ஒத்துவராது, பிறக்கிற குட்டிகள் எல்லாம் பிழைத்தால்தான் அந்தக் கணக்கு. அமெரிக்காவில் வட கரோலினாவில் தெருப் பூனைகளின் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் 169 குட்டிகளில் 127 ஆறு மாதத்துக்குள் செத்துவிட்டன அல்லது காணாமல் போய்விட்டன. நான்கில் மூன்று. நம் பார்க்கிங்கிலும் ஏறக்குறைய அதைத்தான் பார்க்கிறேன், காரில் அடிபட்டு, நாய் கடித்து, மழையில் நனைந்து சளி பிடித்துக் கண் ஒட்டி, அல்லது பார்வோ வகைக் கிருமியால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து இரண்டே நாளில். அதனால் லட்சம் வராது. வருடா வருடம் ஒரு கூட்டம் பிறக்கும், அதில் பெரும்பகுதி நம் கண் முன்னால் சாகும், மீதி அடுத்த கூட்டத்தைப் பெறும். எனக்கு அந்த லட்சக் கணக்கைவிட இதுதான் கொடுமையாகத் தெரிகிறது. அந்தச் சின்ன உடம்புகளைப் பெருக்கி அள்ளிக் குப்பை வண்டியில் போடுவது நாமில்லை, ஹவுஸ்கீப்பிங் அக்காதான். ஒரு தடவை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பூனையின் உடம்பு எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. நாம் இன்னும் குட்டி என்று கொஞ்சிக்கொண்டிருக்கும் ஐந்து மாதப் பெண் பூனை சினைப்பட்டுவிடும். சுமப்பது 63 நாள், முன்னே பின்னே ஓரிரு நாள். மூன்று முதல் ஐந்து குட்டிகள். அதற்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினைக்கு வந்துவிட முடியும். குளிர் நாடுகளில் பகல் நேரம் குறைகிற மாதங்களில் இனப்பெருக்கம் நின்றுபோகும், நம் ஊரில் அந்த இடைவெளியும் கிட்டத்தட்ட இல்லை. சி பிளாக்கில் சாம்பல் வரிப் பூனை ஒன்று இருக்கிறதே, வலது பின்னங்காலை லேசாக இழுத்து நடக்குமே, அதை நான் கையால் தொட்டதுகூட இல்லை, ஆனால் ஒரே வருடத்தில் மூன்று தடவை அது குட்டி போட்டதைக் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தம் 12 குட்டிகள். இன்று உயிரோடு இருப்பவை இரண்டு. அந்த வருடம் முழுக்க அதன் முதுகெலும்பு தோலுக்கு மேல் தனியாகத் தெரியும். "பூனை ஏழு வீடு குட்டியை மாத்தும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள் இல்லையா, இந்தப் பூனை ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு பம்ப் ரூமிலிருந்து ஜெனரேட்டர் பின்பக்கம், அங்கிருந்து யாரோ ஓட்டாமல் வைத்திருக்கும் ஆம்னி வேனின் அடியில், அங்கிருந்து மாடித் தண்ணீர்த் தொட்டி இடுக்கு என்று மாற்றிக்கொண்டே இருந்தது, அந்தக் காலோடு.

இங்கே எங்களைப் போல சாப்பாடு வைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், அதில் நானும் உண்டு. முதல் இரண்டு வருடம் நான் சோறும் மீனும் மட்டும்தான் வைத்தேன். பசி தீர்ந்தால் போதும் என்று நினைத்தேன். நன்றாகச் சாப்பிட்ட பூனை நன்றாகக் குட்டி போடும் என்பது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. நம் கமிட்டிக்கும் எங்களுக்கும் நடக்கும் சண்டையில் இதை நாங்கள் ஒத்துக்கொண்டதே இல்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன். சாப்பாடு வைக்கிறவர்கள் ஆபரேஷனுக்கும் பொறுப்பு எடுக்க வேண்டும். ஈ பிளாக்கில் வீட்டுப் பூனை வளர்க்கும் இரண்டு குடும்பங்களும், தயவுசெய்து கேளுங்கள், உங்கள் கடுவன் ராத்திரியில் வெளியே சுற்றிவிட்டுக் காலையில் வீட்டுக்கு வருகிறது, அதற்கு ஆபரேஷன் ஆகவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பெர்ஷியன் பூனையை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி எழுத வந்தால் இந்த மடல் முடியாது. அந்த நீள முடிப் பூனை பதினைந்து நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து எந்த லிஃப்ட் திறந்தாலும் எழுந்து பார்த்தது.

ஆபரேஷன் என்றால் என்னவோ பெரிய ஏற்பாடு என்று பயப்படுகிறவர்களுக்காக, போன வருடம் நாங்கள் மூன்று பேர் கைக்காசு போட்டு மூன்று பூனைகளுக்குச் செய்ததைச் சொல்கிறேன். கூண்டு என்பது நீளமான கம்பிப் பெட்டி, உள்ளே போய்ப் பலகையை மிதித்தால் பின்னால் கதவு விழும். முந்தின நேரம் சாப்பாடு வைக்காமல் இருந்துவிட்டு, உள்ளே வறுத்த நெத்திலி வைத்தோம். சாம்பல் வரிப் பூனைதான் முதலில் மாட்டியது. கதவு விழுந்ததும் கூண்டே தூக்கிப்போடுகிற மாதிரி மோதியது, செக்யூரிட்டி அண்ணன் ஓடிவந்து பழைய போர்வையைப் போட்டு மூடினார், அவ்வளவுதான், அடங்கிவிட்டது. இருட்டானால் பூனை அமைதியாகிவிடும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். காலையில் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். மயக்கத்தில் பூனைக்குக் கண் மூடாது, திறந்தே இருக்கும், காய்ந்துவிடக் கூடாது என்று டாக்டர் முதலில் கண்ணில் களிம்பு போட்டார். வயிற்றுப் பக்கம் உள்ளங்கை அளவுக்கு முடியை வழித்து, சின்னதாகத் திறந்து, கருப்பையும் சினைப்பையும் எடுத்து, உள்ளே தானாகக் கரைகிற தையல். பிரிக்க வேண்டிய வேலை இல்லை. மயக்கத்திலேயே ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று. கடைசியாக இடது காதின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டிவிட்டார். அதைப் பார்த்து எனக்கு முகம் சுருங்கியது, உண்மைதான், ஆனால் அதுதான் அடையாளம். தூரத்திலிருந்து பார்த்தாலே இது ஆனது, இது ஆகாதது என்று தெரியும், இல்லையென்றால் அதே பூனையை மறுபடி பிடித்து மறுபடி மயக்க ஊசி போட நேரிடும்.

பெண் பூனையை மூன்று ராத்திரி என் வீட்டு பாத்ரூமில் கூண்டோடு வைத்திருந்தேன். கடுவனை மறுநாளே விட்டுவிடலாம், அதற்கு வயிற்றைத் திறப்பதே இல்லை. நான்காம் நாள் காலை பிடித்த அதே இடத்தில் கூண்டைத் திறந்தோம். ஓடும் என்று நினைத்தேன். நடந்து போனது, அந்த ஆம்னி வேன் பக்கம் போய்ப் படுத்து, வழித்த இடத்தை நக்க ஆரம்பித்தது. இன்றைக்கு அதன் முதுகெலும்பு தெரிவதில்லை. மாடியிலிருந்து பார்த்தால் வயிறு கொழுகொழுவென்று வெயிலில் மல்லாந்திருப்பது அதுதான்.

மூன்று பூனைக்குச் செய்தோமே, என்ன மாறியது என்று கேட்டால், மொத்தத்தில் ஒன்றும் மாறவில்லை. அதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வந்தேன். 11 பெண் பூனைகளில் இரண்டுக்குச் செய்தால் மற்ற ஒன்பதும் ஒரே வருடத்தில் அந்தக் குறையை நிரப்பிவிடும். கடுவன்களுக்கு மட்டும் செய்வதும் வீண், ஒரு கடுவன் மிச்சம் இருந்தாலும் போதும். இதை அரைகுறையாகச் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம் என்றுகூடச் சொல்வேன். எல்லாப் பெண் பூனைகளுக்கும், இரண்டு மாதத்துக்குள், ஒரே மூச்சில், அப்புறம் கடுவன்களுக்கு, அப்புறம் புதிதாக எது உள்ளே வந்தாலும் அது குட்டி போடுவதற்கு முன்னால். அமெரிக்காவில் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் இப்படித்தான் செய்தார்கள். 1991இல் தொடங்கினார்கள், 1995க்குப் பிறகு அங்கே குட்டிகளே கண்ணில் படவில்லை. 1996இல் 68 ஆக இருந்த பூனைகள் 2002இல் 23. பழகிய பூனைகளையும் குட்டிகளையும் வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார்கள், பதினோரு வருடத்தில் அங்கே இருந்த பூனைகளில் ஏறக்குறைய பாதி அப்படி வீடு போய்ச் சேர்ந்தன. அது பெரிய வளாகம், நம்முடையது ஆறு பிளாக். நாளைக்கே மறைந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. குட்டி பிறப்பது முதலில் நிற்கும், கத்தலும் நாற்றமும் சில மாதத்தில் குறையும், எண்ணிக்கை மெல்ல மெல்ல இறங்கும்.

இதில் சென்னைக்காரர்களாகிய நமக்கு வேறு ஊர் உதாரணமே தேவையில்லை. நாய்களை வைத்து இந்தப் பாடத்தை நூறு வருடத்துக்கு மேல் படித்த ஊர் இது. மெட்ராஸ் மாநகராட்சி 1860 வாக்கிலேயே தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல ஆரம்பித்தது. 1990களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய் வரைக்கும் கொன்றார்கள், நாயும் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை. கொன்ற நாய்களின் தோலில் கழுத்தில் கட்டுகிற டை போன்ற சாமான்கள் செய்து பார்க்கும் அளவுக்கு 1970களில் எண்ணிக்கை இருந்தது. ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலிருந்தே கருத்தடைதான் வழி என்று சொல்லிக்கொண்டும் செய்துகாட்டிக்கொண்டும் இருந்தது, 1996இல்தான் மாநகராட்சி கொல்வதை நிறுத்தி அந்த வழிக்கு வந்தது. கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காக நடக்காத இடங்களில் இன்றும் தொல்லை இருக்கிறது, அது வேறு விவாதம். ஆனால் பிடித்து அகற்றுவது நூற்று முப்பது வருடம் முழுமூச்சாகச் செய்து பார்த்துத் தோற்ற வழி என்பதில் சந்தேகமே இல்லை. அதை நாம் இரண்டு ஆளையும் ஒரு சாக்கையும் வைத்து ஜெயித்துவிடுவோமா?

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக இல்லை, கமிட்டியில் இருப்பவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கொண்டுபோய்க் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். குரூப்பில் ஒருவர் "எலி மருந்து வச்சா வேலை முடிஞ்சது" என்று எழுதியிருந்தார், விலங்குக்கு விஷம் வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆம் பிரிவில் வரும், ஐந்து வருடம் வரைக்கும் சிறை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளில் 20ஆவது விதி, வளாகத்துக்குள் வாழும் விலங்குகளுக்குச் சாப்பாடு வைக்க இடமும் நேரமும் ஒதுக்கும் பொறுப்பைக் குடியிருப்புச் சங்கத்தின் கையிலேயே கொடுக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், படிக்கட்டு இவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், சாப்பாடு வைக்கிறவர்கள் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நியாயமான விதி. படிக்கட்டில் தட்டு வைக்கிறவர்களை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

எஃப் பிளாக் பாட்டி ஒருவர் என்னிடம், "வாயில்லா ஜீவன், அதுக்குக் குட்டி போடுறதையும் தடுக்கிறது பாவமில்லையாம்மா" என்று கேட்டார். மனதாரக் கேட்டார், அதனால் யோசித்தேன். பாட்டியம்மா, நீங்கள் தினமும் தயிர்ச்சோறு வைக்கிற அந்தக் கறுப்புப் பூனை நான்கு முறை குட்டி போட்டது, அதில் ஒரு குட்டியாவது வளர்ந்து நீங்கள் பார்த்தீர்களா? அந்தப் பாவத்தைவிட இந்தப் பாவத்தை நான் சுமந்துகொள்கிறேன். பூனை போனால் எலி வருமே என்று கேட்டவர்களுக்கு, ஆபரேஷன் ஆன பூனை எங்கேயும் போகாது, இங்கேயேதான் இருக்கும். மண்ணில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் அசிங்கம் செய்கின்றன என்று சொன்ன அம்மாவுக்கு, அது ஆபரேஷனால் தீராது, பின்சுவர் ஓரமாக இரண்டு அகலத் தொட்டியில் ஆற்று மணல் போட்டு வைத்தால் அங்கே போகப் பழகும், தினம் அள்ளிப்போட எங்களில் நான்கு பேர் முறை வைத்துக்கொள்கிறோம்.

காசுக்கு வருவோம். தனியார் கிளினிக்கில் நாங்கள் ஒரு பெண் பூனைக்கு 3,500 ரூபாய் கொடுத்தோம், ஆட்டோ தனி. மொத்தமாகக் கொண்டுவந்தால் குறைத்துச் செய்வதாக அதே டாக்டர் சொல்லியிருக்கிறார். விலங்கு நல அமைப்புகளிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முழு விலைக்கே செய்தாலும் மீதி ஒன்பது பெண் பூனைகளுக்கு 31,500 ரூபாய் ஆகிறது. 144 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 220 ரூபாய்க்குள், ஒரே ஒரு தடவை. மெயின்டனன்ஸில் சேர்க்க மனமில்லை என்றால் பூனை பிடிக்கும் ஆளுக்கு நீங்கள் ஒதுக்கிய தொகையை மட்டும் எங்களிடம் கொடுங்கள், மீதியை நாங்கள் திரட்டுகிறோம். ரசீது எல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம்.

வேறு சில சின்ன உதவிகள்தான் வேண்டும். பம்ப் ரூமுக்குப் பக்கத்தில் பூட்டியே கிடக்கும் அந்தச் சின்ன ஸ்டோர் ரூமின் சாவி இரண்டு மாதத்துக்கு. ஒரு ஃபேன் மாட்டிக்கொடுத்தால் ஆபரேஷன் ஆன பூனைகளை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம், என் பாத்ரூமில் ஒன்றுக்கு மேல் வைக்க முடியாது. நைட் ட்யூட்டி அண்ணன் கூண்டுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ள அவருக்கு உங்கள் அனுமதி. பால் குடிக்கும் குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று யாருக்காவது தெரிந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாயை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டு அந்த மீட்டர் ரூமை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. மாதக் கடைசியில் வருகிற ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி எண்ணுவோம், நீங்களும் கூட வாருங்கள், எண்ணிக்கை கூடியிருந்தால் அப்போது பொதுக்குழுவில் முதல் விஷயமாகவே எடுத்து என்னைக் கேளுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன், ஆனால் வேலையை நிறுத்தி வைக்க முடியாது. பி பிளாக் வெள்ளைப் பூனைக்கு வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது, தள்ளிப்போட்டால் சிக்கல், சீக்கிரம் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார் டாக்டர். அதனால் எங்கள் சொந்தக் காசில் முதல் கூண்டை வருகிற சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு பி பிளாக் ஜெனரேட்டர் பக்கத்தில் வைக்கிறோம். அன்று சாயங்காலத்திலிருந்து யாரும் அந்தப் பக்கம் சோறோ மீனோ வைக்க வேண்டாம், குப்பைப் பையை வெளியே வைக்க வேண்டாம், குழந்தைகளைக் கூண்டைத் தொட விட வேண்டாம். போர்வை பழசாக யாரிடமாவது இருந்தால் சி பிளாக் செக்யூரிட்டி மேஜையில் கொடுத்துவிடுங்கள், இரண்டு மூன்று தேவைப்படும்.

இப்படிக்கு,
சி பிளாக் இரண்டாம் மாடியிலிருந்து
உங்கள் பக்கத்து வீட்டுக்காரி